'இருக்கோம் தம்பி': தோட்டத்துத் தமிழும் நமது மொழிபெயர்ப்புப் பாக்கியும்

சில ஆண்டுகளுக்கு முன், பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில் உள்ள ஒரு தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். வெளிநாட்டுக் கொள்வனவாளர் ஒருவரின் சார்பில் தொழிலாளர் நிலைமையைப் பார்வையிட இருவர் வந்திருந்தனர். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. தொழிலாளருக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டும் ஓரளவு தெரிந்தவன் என்பதால் என்னை ஒருநாள் கூலிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அவர்கள் கையிலிருந்த படிவத்தில் ஒரு கேள்வி: இங்கு வேலை செய்வதில் நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?

ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம் கேட்டேன். "சந்தோஷமா இருக்கீங்களான்னு கேக்குறாங்கம்மா." அவர் கூடையை இறக்கி வைத்தார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "இருக்கோம் தம்பி" என்றார். வந்தவர் என்னைப் பார்த்தார். "யெஸ்" என்றேன். ஒரு கட்டத்துக்குள் சரி அடையாளம் விழுந்தது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம்.

அன்றிரவு வீடு திரும்பிய பின்னர்தான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது. தமிழில் 'நல்லா இருக்கோம்' என்பது ஒரு பதில். 'இருக்கோம்' என்பது முற்றிலும் வேறொரு பதில். உயிரோடு இருக்கிறோம், போக வேறிடம் இல்லாததால் இருக்கிறோம், துரைமாரோடு நீ வந்து நிற்பதால் இதற்கு மேல் சொல்லாமல் இருக்கிறோம். இத்தனையும் அந்த ஒரு வினைச்சொல்லுக்குள் இருந்தன. 'நல்லா' என்ற சொல்லை அவர் விட்டதுதான் அவர் சொன்ன செய்தி. நான் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, கேட்டவருக்கு வசதியான விடையைக் கொடுத்தேன். மொழி தெரியாததால் நேர்ந்த பிழையென்று இதைச் சொல்லித் தப்ப முடியாது. இரண்டு மொழியும் தெரிந்தவன் செய்த பிழை இது.

அந்தப் பிழையிலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்க விரும்புகிறேன். மலையகத்தில் மொழிபெயர்ப்பு என்பது ஆரம்பம் முதலே மேலிருந்து கீழே கட்டளையைக் கொண்டு செல்லும் கருவியாக இருந்திருக்கிறது. கீழிருந்து மேலே பதிலைக் கொண்டு செல்ல அதற்குப் பழக்கமில்லை. அந்தப் பதிலைச் சுமந்தது இலக்கியம் மட்டுமே. அந்த இலக்கியத்தில் ஊவாவின் கடைவீதிகளில் வாழ்ந்த முஸ்லிம்களாகிய நமது பங்கு என்ன என்ற கேள்வியை நாம் இன்னும் நேராக எதிர்கொள்ளவில்லை.

கும்மியும் கையேடும்

மலையகத்தின் முதல் அச்சு இலக்கியமாக ஆய்வாளர் பலர் குறிப்பிடுவது ஆபிரகாம் ஜோசப் 1869இல் வெளியிட்ட 'கோப்பிக் கிருஷிக் கும்மி'. இதற்கு மூலமாக அமைந்தது வில்லியம் சபொனடியர் என்ற தோட்டத்துரை ஆங்கிலத்தில் எழுதிய கோப்பிச் செய்கை நூல். அதாவது மலையக அச்சு இலக்கியம் தொழில் கையேடு ஒன்றின் தமிழாக்கமாகவே பிறந்தது. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் வடிவத்தைக் கவனியுங்கள். கும்மி என்பது பெண்கள் வட்டமாகச் சுற்றிக் கைகொட்டிப் பாடுவது. தோட்டத்துக்கு வந்த பெண்கள் ஊரிலிருந்து சுமந்து வந்த சொத்துகளில் அதுவும் ஒன்று. அந்த வடிவத்துக்குள் கன்று நடுவது எப்படி, வேலை வாங்குவது எப்படி என்ற துரையின் அறிவு ஊற்றப்பட்டது. பாட்டு தொழிலாளியுடையது; பேச்சு முதலாளியுடையது.

இன்னொன்றையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். கும்மி அச்சேறிய அதே 1869ஆம் ஆண்டில்தான் கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. கண்டறியப்பட்ட இடம் நமது ஊவாவின் மடுல்சீமை. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்தது. பயிர் மாறியபோதும் பேச்சின் திசை மாறவில்லை.

மறுபுறத்தில், வெள்ளைக்காரத் துரைமார் தமிழ் படிக்கக் கையேடுகள் வந்தன. கும்மி பாடிய ஆபிரகாம் ஜோசப்பே தோட்டத்துரைமாருக்கான பேச்சுத்தமிழ் வழிகாட்டி ஒன்றையும் எழுதினார். கொழும்பில் பெர்குசன் குடும்பத்தார் சின்னத்துரைமாருக்கென வெளியிட்ட சட்டைப்பை நூலின் பெயரே 'இங்கே வா'. 1915இல் வெல்ஸ் என்பவர் வெளியிட்ட நூலின் பெயர் 'கூலித் தமிழ்'. இந்தப் பெயர்களே ஒரு விமர்சனக் கட்டுரைக்குப் போதுமானவை. ஒரு மொழியைக் கற்கப் புகுபவன் முதலில் படிப்பது வணக்கம் சொல்லவும் பெயர் கேட்கவும்தான். இங்கோ முதற்பாடம் ஏவல் வினை. அதுவும் ஒருமையில். 'வாருங்கள்' என்ற சொல் தமிழில் உண்டென்பதைத் தெரிந்துகொள்ளும் தேவை சின்னத்துரைக்கு ஏற்படவில்லை. தமிழின் மரியாதைப் பன்மை முழுவதும் ஒரு தலைமுறைக்கு மேல் மலையில் ஒரு திசையில் மட்டுமே ஓடியது. 'ங்க' என்ற விகுதி கீழிருந்து மேலே போனது. 'டா', 'டீ' மேலிருந்து கீழே வந்தது.

சொற்கள் செய்த பயணம்

ஆயினும் சொற்கள் கட்டளைக்கு முழுதாகக் கட்டுப்படுவதில்லை. தொழிலாளர் தமக்கு விளங்காத ஆங்கிலத்தைத் தம் நாவுக்கேற்ப வளைத்தனர். 'லைன்' என்ற சொல் லயன் ஆகி லயம் ஆனது. ஆங்கிலத்தில் அது வெறும் வரிசை. தமிழில் லயம் என்றால் ஒன்றிப்போவது, தாளத்தோடு இசைவது. பத்தடி அறைக்குள் ஒரு குடும்பத்தை அடைத்த கட்டடத்துக்கு இசையின் பெயர் வாய்த்தது வரலாற்றின் கேலி. காலையில் ஆட்களை நிறுத்திக் கணக்கெடுக்கும் 'பரேட்' பிரட்டு ஆனது. அது நடக்கும் இடம் பிரட்டுக்களம். ஒருநாள் வேலை செய்தால் 'பேர்'. குறைந்த நிறைக்கு 'அரைப்பேர்'. இந்தச் சொல்லை வேறெந்த மொழியில் பெயர்ப்பது? அரைநாட் சம்பளம் என்று ஆங்கிலத்தில் எழுதிவிடலாம். ஆனால் "இன்னக்கி எனக்கு அரைப்பேரு" என்று ஒரு பெண் சொல்லும்போது, கூலியோடு அவளுடைய பெயரும் பாதியாய் வெட்டுப்படுகிறது. அந்த வெட்டு எந்தக் கணக்குப் பதிவேட்டிலும் ஏறாது.

எதிர்த்திசையில் போன சொற்களும் உண்டு. கங்காணி என்ற சொல் ஆங்கிலச் சட்டங்களுக்குள் அப்படியே நுழைந்தது. 'துண்டு' என்பதும் அவ்வாறே. ஒரு கங்காணியும் அவருடைய ஆட்களும் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இன்ன தொகைக் கடனைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்பேன் என்று துரை ஒரு சிறு காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். அதுதான் துண்டு. புதிய துரை பணத்தைக் கட்டுவார்; கடன் ஆட்களோடு சேர்ந்து அடுத்த மலைக்குப் போகும். 1921ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை ஒரு குடும்பத்தின் விதி ஒரு துண்டில் இருந்தது. ஆங்கிலேயர் இதற்குத் தம் மொழியில் சொல் தேடாமல் தமிழ்ச் சொல்லையே வைத்துக்கொண்டது ஏன்? தம் மொழியில் பெயரிட்டிருந்தால் அது என்னவென்று அவர்களுக்கே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உலகச் சந்தை வரை போன ஒரு தமிழ்ச்சொல்லும் ஊவாவிடம் இருக்கிறது: கச்சான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையின் மேற்குப்புறம் மழையைக் கொட்டிவிட்டு இப்பக்கம் வறண்டு வீசும் காற்று. அக்காற்றில் வாடும் கொழுந்துக்குத் தனியொரு நெடியும் சுவையும் ஏறுகின்றன. அந்தப் பருவத்து ஊவாத் தேயிலைக்குத் தனி விலை. ஜப்பானில் டார்ஜிலிங், கீமுன் ஆகியவற்றோடு ஊவாவையும் உலகின் மூன்று சிறந்த தேயிலைகளில் ஒன்றாகச் சொல்வர். தேயிலைச் சுவைஞர்கள் இந்தக் காற்றைக் கச்சான் என்றே எழுதினார்கள். காற்றின் பெயர் கடல் கடந்தது. அந்தக் காற்றில் வெடித்த உதடுகளோடு கொழுந்து பறித்தவரின் பெயர் கடக்கவில்லை. 1890இல் அப்புத்தளைக்கு அருகே தம்பதென்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்கு என்று விளம்பரம் செய்து உலகப் புகழ் பெற்றார். அந்த விளம்பரத்தின் ஆங்கிலத் 'தோட்டம்' வாங்குபவரின் மனக்கண்ணில் ஒரு பூந்தோட்டமாக விரிந்திருக்கும். நமது 'தோட்டம்' பிரட்டுக்களத்தில் தொடங்குகிறது.

எழுத்தாளர் சொன்ன பதில்

இந்தப் பின்னணியில்தான் மலையக இலக்கியத்தை வாசிக்க வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை தமது புகழ்பெற்ற நெடுங்கவிதையைத் தமிழில் எழுதவில்லை, ஆங்கிலத்தில் எழுதினார். 'இங்கே வா' என்ற மொழிக்கு அதன் சொந்த மொழியிலேயே பதில் சொல்ல முனைந்த செயல் அது. ஆனால் யாருடைய வாழ்வைப் பாடினாரோ அவர்களுக்கு அது சக்தி அ. பால ஐயாவின் 'தேயிலைத் தோட்டத்திலே' வழியாகவே கிடைத்தது. பால ஐயாவின் தமிழ் சொல்லுக்குச் சொல் வைத்த பெயர்ப்பாகத் தேங்காமல், தனித்தொரு கவிதையாக நிற்கிறது. தம் மக்களின் துயரைத் தம் மக்களே மொழிபெயர்ப்பில் படித்த இந்த விந்தையை நமது விமர்சகர்கள் போதிய அளவு பேசவில்லை. வேலுப்பிள்ளையும் அந்தக் குறையை உணர்ந்திருப்பார் போலும். தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்து 1983இல் நூலாக்கினார். கங்காணியைக் கேலி செய்யும் பாடல்கள் தோட்டத்தில் ஏராளம். எந்தக் கையேட்டுக்கும் எட்டாத பதில்கள் அவை.

கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' இன்னொரு வகைப் பாடம். 1964இல் வந்த அந்நாவலை ஆசிரியரே பின்னர் ஆங்கிலத்தில் தந்தபோது அதன் பெயர் 'மிராஜ்', அதாவது கானல் என்றாகியது. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்ற பழமொழி தமிழ் வாசகருக்குத் தலைப்பிலேயே கதையைச் சொல்லிவிடும். பச்சை உண்மையில் இருக்கிறது. அருகே போனால் அது வேறாய்த் தெரிகிறது, அவ்வளவே. கானலில் எதுவுமே இல்லை; அது பாலைநிலத்தின் ஏமாற்று. பச்சை மலையைப் பாலைவனமாக மாற்றியது ஆசிரியரின் தவறென்று நான் சொல்ல வரவில்லை. ஆங்கில வாசகரிடம் அந்தப் பழமொழி இல்லை. அவருக்கு ஏதாவது ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்ததில் எது போயிற்று என்பதைக் கணக்கிட்டு வைப்பது விமர்சகரின் வேலை. போனது பச்சை. ஏமாற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஏமாற்றியது உண்மையானதொரு வளம் என்பதை ஆங்கிலத் தலைப்பு இழந்துவிட்டது.

தெளிவத்தை ஜோசப்போ நமது மாவட்டத்துக்காரர். ஊவாக்கட்டவளையில் 1934இல் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்து, அத்தோட்டத்தின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே நிரந்தரமாக வைத்துக்கொண்டவர். 2022இல் மறைந்தார். 'மீன்கள்' சிறுகதையில் லயத்து அறையின் நெருக்கடியை அவர் சொல்லும் முறையைப் பாருங்கள். ஒரே அறையில் வளர்ந்த பிள்ளைகளோடு படுத்துறங்கும் ஒரு குடும்பத்தின் கூச்சத்தை, கோஷம் எதுவுமின்றி, இருட்டையும் அசைவையும் மட்டும் கொண்டு சொல்லிவிடுகிறார். இக்கதையைப் பெயர்க்கப் புகுபவருக்கு 'லயம்' என்ற சொல்லில் அதிகச் சிக்கல் இல்லை. சிங்களத்திலும் லயின் காமரா என்றே வழங்குகிறது. சிக்கல் பாத்திரங்கள் பேசாத இடங்களில் இருக்கிறது. 'இருக்கோம்' என்பதற்குப் பின்னால் உள்ள மௌனத்தைப் போன்றவை அவை.

பெயரும் படிவமும்

இலக்கியத்தில் பிழை நேர்ந்தால் மறுபதிப்பில் திருத்தலாம். கச்சேரியில் நேர்ந்தால் என்னாகும்? 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியானது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1999இல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. சட்டம் இருக்கிறது. ஆனால் தோட்டத்து வீட்டுக்கு வரும் கடிதம் எந்த மொழியில் வருகிறது என்பதை அக்கடிதத்தைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்கு வருபவரிடம் கேட்டால் தெரியும்.

பெயரையே எடுத்துக்கொள்வோம். பாக்கியம் என்று ஒரு பெண். தமிழின் 'ப' மென்மையாகவும் ஒலிக்கும், வன்மையாகவும் ஒலிக்கும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. பிறப்பைப் பதிந்தவர் ஒன்றைக் கேட்டார். தோட்டத்துச் செக்ரோலில் எழுதியவர் மற்றொன்றைக் கேட்டார். அந்த வேறுபாட்டை இக்கட்டுரையின் தமிழ் எழுத்தில் என்னால் காட்டக்கூட முடியாது, சிக்கலே அதுதான். அவருக்கு இருவரும் ஒருவரே. அலுவலகத்துக்கு இருவரும் வேறு வேறு ஆட்கள். முப்பது ஆண்டு உழைத்துவிட்டு ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும்போது, பாக்கியம் தானே பாக்கியம் என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு, தமிழரிடம் குடும்பப் பெயர் கிடையாது; தந்தை பெயர்தான் முதலெழுத்து. படிவமோ குடும்பப் பெயர் கேட்கிறது. தந்தைக்கு ஒரு 'குடும்பப் பெயர்', மகனுக்கு வேறொன்று என்று பதிவாகிறது. முஹம்மது என்ற பெயர் எத்தனை எழுத்துக்கூட்டலில் நம் வீட்டு ஆவணங்களில் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போருக்கு இவ்வேதனை புதிதன்று.

நமது பாக்கி

இப்போது நம்மிடம் வருவோம். பதுளை, பண்டாரவளை, வெலிமடை, பசறை, லுணுகலை என ஊவாவின் கடைவீதிகளில் முஸ்லிம் கடைகள் தலைமுறைகளாக இருக்கின்றன. குருத்தலாவை, சில்மியாபுரம் போன்ற நமது ஊர்களைச் சுற்றிச் சிங்களக் கிராமங்களும் தேயிலை மலைகளும். வீட்டில் தமிழ், கிராமத்தாரோடு சிங்களம், மத்ரஸாவில் அரபி எழுத்து. மலையில் நம்மைப்போல் வாய்ப்புள்ள மொழிபெயர்ப்பாளர் வேறு யார்?

என் வாப்பாவின் கடையில் சம்பளச் சனிக்கிழமைகளில் தோட்டத்தார் நிறைந்திருப்பர். சீனியும் மாவும் நிறுக்கும் கையே கடிதமும் வாசிக்கும். "நானா, இந்தக் கடுதாசியக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று நீட்டுவார்கள். வாப்பா சிங்களக் கடிதத்தை வாசித்து, எது நல்ல செய்தி, எது கெட்ட செய்தி, எதற்குப் பயப்படத் தேவையில்லை என்று பிரித்துச் சொல்வார். காசு வாங்கியதில்லை. அதே கையால் கடன் கொப்பியில் பாக்கியும் எழுதுவார். இரண்டையும் நான் சொல்லத்தான் வேண்டும். நாம் அவர்களுக்கு உதவினோம். அவர்களிடம் லாபமும் பெற்றோம். நம் கடைகள் நின்றது அவர்கள் கூலியில்.

மொழிபெயர்ப்பில் நமது மரபும் சாமானியமானதன்று. சமணரும் பௌத்தரும் வழங்கிய 'பள்ளி'யை எடுத்து இறையில்லத்துக்கு வைத்த சமூகம் நாம். தொழுகை, நோன்பு என்று தமிழ்ச் சொற்களைக் கொண்டே நம் மார்க்கக் கடமைகளைச் சொன்னோம். தேவைப்பட்ட இடத்தில் அரபியின் ஒலியைக் காக்க அரபுத்தமிழ் எழுத்தையே ஆக்கினோம். உமறுப்புலவர் அரபு மண்ணைத் தமிழ் நிலமாக்கிப் பாடினார். இரு பக்கத்துக்கும் மரியாதை கொடுத்த பெயர்ப்பு அது. நம் காலத்திலும் எம். ஏ. நுஃமான் பாலஸ்தீனக் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். மாத்தளைப் பண்ணாமத்துக் கவிராயர் இக்பாலையும் ஃபைஸையும் தந்தார். திக்குவல்லை கமாலும் ரிஷான் ஷெரீபும் சிங்களப் புனைவுகளைத் தமிழாக்கி வருகின்றனர். இவை பெருமைக்குரிய பணிகள். பாலஸ்தீனத்து ஒலிவ மரத்தின் துயரம் நமக்குத் தமிழில் தெரியும்.

ஆனால் நமுனுகுல மலையடிவாரத்துத் தேயிலைச் செடியின் கீழ் நிற்பவரின் துயரம் நம் எழுத்தில் எவ்வளவு வந்திருக்கிறது? மலையகத்து மண்ணிலிருந்தே வந்த அல் அஸூமத்தின் 'வெள்ளை மரம்' போன்ற சில படைப்புகளைச் சுட்டலாம். அவை விதிவிலக்குகள். முஸ்லிம் சிறுகதைகளில் தோட்டத்தார் வரும்போது, பெரும்பாலும் கடை வாசலில் நின்று சாமான் வாங்கிப் போகும் உருவமாக வருகிறார்கள். கடிதம் நீட்டிய கை நமக்குத் தெரியும். அந்தக் கை திரும்பிப் போன வீட்டுக்குள் நம் கதைகள் போகவில்லை. மலையக எழுத்தாளரின் கதைகளில் முஸ்லிம் கடைக்காரர் எப்படி வருகிறார் என்று தேடிப் படித்து, மனம் கோணாமல் விவாதித்த கட்டுரையும் நம்மிடம் அரிது. அவர்கள் பார்வையில் நாம் உதவியவர்களா, கடன் எழுதியவர்களா? இரண்டுமே எனில் அதை முதலில் சொல்ல வேண்டியவர்கள் நாமே. பழைய கடன் கொப்பிகள் இன்னும் சில வீடுகளின் பரண்களில் கிடக்கலாம். அவை கரையானுக்குப் போகுமுன் ஓர் எழுத்தாளரின் கைக்குப் போக வேண்டும்.

பாக்கி என்பது அரபியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். எஞ்சியிருப்பது என்று பொருள். என்றும் நிலைத்திருப்பவனின் திருநாமங்களில் ஒன்றும் அதே வேரிலிருந்து வருவது. அதைத் தமிழ் வணிகம் கடன் மீதிக்குச் சுருக்கிவிட்டது. அந்த அம்மாவின் 'இருக்கோம்' என்ற சொல்லைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இந்தச் சொல்லும் நினைவுக்கு வருகிறது. கோப்பி போய், துண்டு போய், வெள்ளைத்துரை போய், கம்பனிகள் மாறி, அவர்கள் எஞ்சியிருக்கிறார்கள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இன்று அதே இடத்தில் நின்றால் 'யெஸ்' என்று சொல்லமாட்டேன். "இருக்கிறோம் என்கிறார், மகிழ்ச்சியாக என்று சொல்லவில்லை" என்பேன். வந்தவர் கொஞ்சம் தடுமாறியிருப்பார். பேனாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் இன்னொரு கேள்வி கேட்டிருப்பார். அந்த அம்மா அதற்கு என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. நான் எழுதியே தீர்க்க வேண்டிய பாக்கி அது.